நாக்கை நீட்டிய மஞ்சள் அட்டை

ஜனவரி 11, ஞாயிறு

இன்று மதியமும் எனக்கு மஞ்சள் அட்டை. குற்றம்: சாப்பாட்டு மேஜையில் பந்து பேச்சு.

நான் பேசியது உருளைக்கிழங்கைப் பற்றி. தட்டின் ஓரத்தில் நான் ஒதுக்கி வைத்திருந்த துண்டை அப்பா எடுக்கப் போனார். "அது ஆஃப்சைடுல நிக்குது, தொடாதீங்க" என்றேன். அவ்வளவுதான். அம்மாவின் கை பின்னால் அலமாரிக்குப் போனது, வந்தது, அட்டை உயர்ந்தது. மேல்முறையீடு கிடையாது. பாத்திரம் கழுவினேன்.

மற்ற வீடுகளில் அம்மா முறைப்பாள், திட்டுவாள். எங்கள் வீட்டில் அட்டை காட்டுவாள். வார நாட்களில் அவள் லிஃப்ட் பரிசோதகர். ஊரில் உள்ள கட்டடங்களுக்கெல்லாம் போய், கம்பி அறுந்து விழுமா விழாதா என்று பார்க்கிற வேலை. வார இறுதியில் கால்பந்து நடுவர். ஐந்து நாள் ஏற்றி இறக்குவாள், இரண்டு நாள் வெளியேற்றுவாள். அப்பா வீட்டின் பின்னறையில் பல் செட் செய்கிறார். சம்பாதித்துப் போடுவது இவர்களின் வேலை, சிரிப்பு மூட்டுவது என் வேலை. மூன்று பேரில் எனக்குத்தான் மரியாதை குறைவு.

வீட்டு அட்டை, அம்மா மழை ஆட்டங்களில் காட்டிக் காட்டி ஓரம் பிய்ந்துபோன பழைய அட்டை. ஓய்வு கொடுத்து அலமாரியில் சாவிகளோடு வைத்திருக்கிறாள். போன வருடம் அதன் பின்பக்கம் நான் ஒரு முகம் வரைந்தேன்: நாக்கை முழம் நீளத்துக்கு நீட்டிய முகம். கீழே "பாத்திரம் உன் தலையில்" என்று எழுதினேன். காட்டுகிறவருக்கு வெறும் மஞ்சள்தான் தெரியும். வாங்குகிறவருக்குத்தான் நாக்கு. அம்மா அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள், பிறகு அதற்கும் அட்டை காட்டினாள்.


பிப்ரவரி 3, செவ்வாய்

கிளிப்போர்டு வந்திருந்தார். அவருக்கு வேறு பெயர் இருக்கும், நான் கேட்டதில்லை. அட்டையும் கிளிப்புமாகத்தான் வருவார், போவார், காபி குடிப்பார். நடுவர்களுக்கு மதிப்பெண் போடுகிற குழுவில் இருக்கிறார். ஒரு காலத்தில் அம்மாவோடு கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவர்.

தேசியக் கோப்பையில் தோற்கிற அணி வீட்டுக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நடுவர்களும் அப்படித்தான் சுற்றுக்குச் சுற்று குறைவார்கள் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். மூன்றாம் சுற்றில் ஒரு கூட்டமே இருந்தது. இப்போது நான்கு பேர். அதில் ஒருத்தி அம்மா.

"காலிறுதி உனக்குத்தாம்மா. டிவில வருது. இதைச் சுத்தமா முடிச்சுட்டேன்னா இறுதி ஆட்டம் உன் கையில. இதுவரைக்கும் ஒரு பொம்பளைக்கும் குடுத்ததில்ல" என்றார் கிளிப்போர்டு.

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடுவாங்க."

"அடுத்த வருஷம் உனக்கு வயசு தாண்டிடும். இதுதான் கடைசி." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அம்மாவைத் தொந்தரவு பண்ணாம இரு."

எனக்குப் பதினைந்து முடியப் போகிறது. இவருக்கு மட்டும் நான் பாப்பா.

அவர் போனதும் அம்மா சமையலறையில் தனியாக நின்று விசில் இல்லாமல் விசில் ஊதிப் பார்த்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.


மார்ச் 7, சனி

எங்கிருந்து எழுதுவது என்றே தெரியவில்லை. காலையிலிருந்து.

காலையில் நான் செய்தது ஒன்றே ஒன்று. அம்மாவின் விசில் டப்பாவுக்குள் அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு பல் செட்டை வைத்தேன், விசிலைக் கவ்விக்கொண்டிருக்கிற மாதிரி. வாசலில் கார் வந்து ஹாரன் அடிக்கும்போது அம்மா நடுவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, காசு இருக்கிறதா, பென்சில் இருக்கிறதா என்று சரிபார்த்தபடி டப்பாவைத் திறந்தாள். பல் விசிலோடு அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரு கணம் அலறல். பிறகு சிரிப்பு. பிறகு மஞ்சள் அட்டை. மறுபடி ஹாரன். கிளம்பிவிட்டாள். பதற்றமெல்லாம் போய்ச் சிரித்துக்கொண்டே போனாள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பட்டறையில் அப்பாவும் நானும் டிவி பார்த்தோம். அம்மா நன்றாக ஓடினாள். பந்துக்குப் பக்கத்திலேயே இருந்தாள். இரண்டாம் பாதியில் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அம்மா விசில் ஊதி, பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்தினாள்.

ஒன்பது அதைப் பார்த்தான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அடிபட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கேமரா நெருங்கியது. திரை முழுவதும் என் நாக்கு. நான் வரைந்த நாக்கு. "பாத்திரம் உன் தலையில்."

மைதானமே சிரித்தது. அலமாரியில் இருந்த பல் செட்டெல்லாம் சேர்ந்து சிரிக்கிற மாதிரி இருந்தது. அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் பக்கம் வெறும் மஞ்சள்தானே! தன்னைப் பார்த்துத்தான் இளிக்கிறான் என்று நினைத்தாள். நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். அவனால் முடியவில்லை. நடுவரைக் கேலி செய்ததற்கு இரண்டாவது மஞ்சள். அதே அட்டை, அதே நாக்கு, இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு சிவப்பு. அவன் சிரித்தபடியே வெளியே போனான்.

ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான் யாரோ அவள் காதுக் கருவியில் சொல்லியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டே அட்டையை எடுத்துத் திருப்பினாள். நான் அந்த முகத்தை எழுதப் போவதில்லை. பந்து ஓடத் தொடங்கிவிட்டால் கொடுத்த சிவப்பைத் திரும்ப வாங்க முடியாது. அதுதான் விதி.

அப்பா டிவியின் ஒலியைக் குறைத்தார். என்னைப் பார்த்தார்.

"நீயா?"


மார்ச் 8, ஞாயிறு

நான் இல்லை.


மார்ச் 9, திங்கள்

ஒன்பது இல்லாமலே அவன் அணி ஜெயித்துவிட்டது. ஆனால் சிவப்பு வாங்கியதால் அரையிறுதியில் அவனுக்கு இடமில்லை. கால்பந்துச் சங்கம் விசாரிக்கப் போகிறதாம். அம்மாவின் சட்டைப் பையில் இரண்டு மஞ்சள் இருந்திருக்கிறது, ஆட்டத்து அட்டை ஒன்று, வீட்டு அட்டை ஒன்று. கையில் எது வந்ததோ அது வந்தது. வீட்டு அட்டை எப்படிப் பைக்குள் போனது என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கேள்வியே இல்லை. வாசலில் நுழைந்ததும் கைதட்டல். என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் ரிப்பீட்டு, எதையும் இரண்டு தடவை சொல்லுவாள். "நீ வேற லெவல்டி. நீ வேற லெவல்டி."

"நான் பண்ணல."

"தன்னடக்கத்தைப் பாரு. தன்னடக்கத்தைப் பாரு."

சின்ன வகுப்புப் பையன் ஒருவன் மஞ்சள் காகிதம் நீட்டி, அதே முகத்தை வரைந்து தரச் சொன்னான். வரைந்து கொடுத்தேன். நாக்கு இந்த முறை நன்றாக வந்தது. கையெழுத்தும் போட்டேன். ஏன் போட்டேன்?

செய்த சேட்டைக்கெல்லாம் இத்தனை நாள் உதை. செய்யாத சேட்டைக்குக் கைதட்டல். உலகம் தலைகீழாக நடக்கிறதா, நான்தான் தலையால் நடக்கிறேனா?


மார்ச் 12, வியாழன்

அம்மா இன்னும் என்னிடம் கேட்கவில்லை. "நீயா?" என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிவிடலாம். கேட்காததற்கு என்ன பதில் சொல்வது? வீட்டில் நான் செய்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். செய்யாததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அட்டையும் வீட்டில் இல்லை. சங்கத்தில் உறையில் போட்டு வைத்திருக்கிறார்களாம். அது இல்லாமல் பாத்திரத்தை யார் கழுவுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இரவு சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அம்மா எழுந்தாள்.

வேண்டுமென்றே "பெனால்டி" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.


மார்ச் 15, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மதியச் சாப்பாடு. அப்பா பாத்திரத்தில் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "கார்னர்ல ஒண்ணு மாட்டிருக்கு பாருங்க" என்றேன். இந்த முறை வேண்டுமென்றே சொல்லவில்லை. உண்மையிலேயே கார்னரில் ஒன்று மாட்டியிருந்தது.

அம்மா ஏதோ யோசனையில் இருந்தாள். கை தானாக அலமாரிக்குப் போனது. அங்கே அட்டை இல்லை. இருந்தாலும் கை நிற்கவில்லை. வெறும் கை மேலே உயர்ந்தது, இல்லாத அட்டையைக் காட்டியது, கீழே இறங்கியது. அலமாரிக்குத் திரும்பிப் போகவில்லை. நேராக இடது மார்புக்கு வந்து, இல்லாத பைக்குள் இல்லாத அட்டையைச் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டியது.

பழைய டி-ஷர்ட். அதில் பையே கிடையாது.

அம்மா தன் கையைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அப்பா கார்னரில் மாட்டியதை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, "என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்றார்.

ஆட்டத்தன்று காலை நடுவர் சட்டை போட்டிருந்தாள். பல் செட்டுக்காக எனக்கு அட்டை காட்டினாள். ஹாரன் அடித்தது. இத்தனை வருடம் அட்டை காட்டிய கை, காட்டிய அட்டையை எங்கே வைக்குமோ அங்கே வைத்துவிட்டது.

அம்மா எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டாள்.

சரி. நான் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஏன் முடியவில்லை? முகம் வரைந்தது நான். பல்லை வைத்தது நான். அட்டையை வெளியே எடுக்க வைத்தது நான். பைக்குள் போட்டது மட்டும்தான் அவள். கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்களே, இதில் கை அவளுடையது, களவு என்னுடையதா?


மார்ச் 18, புதன்

கிளிப்போர்டு வந்தார். காபியைத் தொடவில்லை, அதனால் விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"இங்க பாரும்மா. நடுவர் தப்பான அட்டையோட களத்துல இறங்கினாங்கன்னா அது கவனக்குறைவு. இறுதி ஆட்டம் போச்சு. அதே வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு விளையாட்டுக்குப் பையில போட்டுட்டான்னா, உன் மேல தப்பே இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்தப் பையனோட சிவப்பை ரத்து பண்ணிடுவாங்க. அதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. பாப்பா வந்து ஒரே ஒரு வரி சொன்னாப் போதும்."

"என்ன வரி?" என்றேன்.

"நான்தான் போட்டேன்னு."

"போடலயே."

கிளிப்போர்டு சிரித்தார். "ஊரே நீதான்னு சொல்லுது. நீ மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிற?"

அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவ பண்ணாத சேட்டையா? அதுல இதையும் ஒண்ணா சேத்துக்க வேண்டியதுதான்." பிறகு என் கண்ணைப் பார்க்காமல், "நீ யோசிச்சுச் சொல்லும்மா, கட்டாயம் இல்ல" என்றார். அப்பா என்னை "ம்மா" போட்டுக் கூப்பிட்டால் விவகாரம் பெரியது.

அம்மா ஆறிப்போன காபியை எடுத்தாள். "நாளைக்குக் காலைல லிஃப்ட் செக்கிங் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் நான்.


மார்ச் 20, வெள்ளி

எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்! வீட்டுப்பாடத்தை எலி தின்றது என்று சொல்லி, நம்ப வைக்கக் காகிதத்தை நானே கடித்துக் கொண்டு போனவள் நான். இந்தப் பொய் மட்டும் ஏன் தொண்டையில் நிற்கிறது? இதனால் யாருக்கும் அடி இல்லை. எனக்கும் பெரிதாக இல்லை, ஊர் ஏற்கெனவே நம்பியாகிவிட்டது. எதற்கு இவ்வளவு யோசனை? மண்டை குழம்பி, அதில் யாராவது சோறு பிசைந்து சாப்பிடலாம் போல.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் உட்கார்ந்தேன்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"உனக்கு என்ன தோணுது?"

"அது தெரிஞ்சா உங்கிட்ட ஏன் கேக்கறேன்? உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

நடுவர் சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள், நேர்மை கீர்மை என்று ஆரம்பிப்பாள், நான் கொட்டாவி விடலாம் என்று இருந்தேன்.

"இறுதி ஆட்டம் வேணும்டி" என்றாள்.

குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. அவ்வளவுதான். சொல்லிவிடப் போகிறேன்.


மார்ச் 23, திங்கள்

விசாரணை. நீள மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் உறைக்குள் என் நாக்கு. கிளிப்போர்டு ஓரமாக உட்கார்ந்து எனக்குத் தலையாட்டினார். அம்மா என் பக்கத்தில். லிஃப்ட் பரிசோதனையிலிருந்து நேரே வந்திருந்தாள், சட்டைக் கையில் கிரீஸ்.

நடுவில் இருந்தவர் கேட்டார்: "சொல்லும்மா, என்ன நடந்தது?"

"நான்தான் சார் போட்டேன்."

ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? எப்படிப் போட்டேன் என்று ஆரம்பித்தேன். அம்மா குளிக்கப் போனபோது பூனை மாதிரி நடந்தேன், அறைக் கதவு கிரீச்சிட்டது, பையின் பொத்தானைப் பல்லால் கழற்றினேன், என் பல்லால் இல்லை, அப்பா செய்த பல்லால் என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையிலேயே அருமையான நடிப்பு. நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்து எழுதப் போனார்.

"சார், எழுதாதீங்க" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"இது டைவ்."

யாருக்கும் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. இடிக்காமலே தானாக விழுந்து, பெனால்டி கேட்டுப் புரளுவார்களே, அது.

"யாரும் தள்ளல சார், இவளா விழறா. அன்னைக்கு அட்டையை என் பையில வச்சது என் கை. வீட்டுல காட்டிட்டு, பழக்கத்துல செருகிக்கிட்டேன். நான் பாத்தேன்."

"எப்பப் பாத்தீங்க?"

"போன வாரம். சாப்பிடறப்போ."

கிளிப்போர்டு தலையைக் கிளிப்போர்டால் மறைத்துக்கொண்டார். ஒன்பதாம் எண்ணின் சிவப்பு ரத்து. இறுதி ஆட்டத்துக்கு அம்மாவின் பெயரும் ரத்து. முடிந்தது.

பேருந்தில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவளுக்காகத்தானே விழுந்தேன்! "வேணும்னு சொன்னியே? அப்புறம் ஏன் இப்படிப் பண்ணே?"

"வேணும்தான். இப்பவும் வேணும்தான்."

"அப்புறம்?"

சட்டைக் கையிலிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டினாள்.

"தெரியலடி. நீ சொல்லிக்கிட்டு இருக்கும்போதே கை மேல போயிடுச்சு."

எனக்காகச் சொன்னாளா, விதிக்காகச் சொன்னாளா? அவளுக்கே தெரியாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? என் நடிப்பு அவ்வளவு மோசமா? அவர்கள் மூன்று பேரும் நம்பினார்களே!

இறங்கும்போது சொன்னாள்: "பல்லால பொத்தானைக் கழட்டினேன்னியே, அது நல்லா இருந்துச்சு."


ஏப்ரல் 11, சனி

அரையிறுதி. ஒன்பது ஆடினான், கோலும் போட்டான். போட்டுவிட்டுக் கேமரா முன் வந்து நாக்கை நீட்டினான். சிரிப்பதா, டிவியை உடைப்பதா? அப்பா பக்கம் திரும்பினால், அவரும் அதே யோசனையில் இருந்தார்.


ஏப்ரல் 20, திங்கள்

ரிப்பீட்டிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். "அப்ப நீ பண்ணலயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.


மே 16, சனி

இறுதி ஆட்டம். அம்மாவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. கோட்டோரம் கொடிகூட இல்லை.

காலையில் பள்ளி மைதானத்தில் பொடிப் பையன்கள் ஆட்டம் ஒன்றுக்கு விசில் ஊதப் போனாள். நானும் தண்ணீர் பாட்டிலோடு போனேன். களத்தில் இறங்கும் முன் மஞ்சள் அட்டையை எடுத்து முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், பையில் போட்டாள். பிறகு மறுபடி எடுத்துப் பின்பக்கம் பார்த்தாள். நான் தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலை உயர்த்திக்கொண்டேன்.

மாலை, டிவியைப் பட்டறையிலிருந்து தூக்கி வந்து சாப்பாட்டு மேஜைக்கு எதிரே வைத்தது அம்மாதான். அப்பாவும் நானும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். விதி விதிதானே.

"ஆஃப்சைடு" என்றாள் அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது ஆஃப்சைடுதான், கொடி தூக்கறான் பாரு. அந்த மூணாம் நம்பர் தூங்கறான். கார்னர். ஏய், இழுக்கறான், இழுக்கறான்!"

திரையில் இருந்த நடுவரை முந்திக்கொண்டு அவள் கை மார்புக்குப் போய்விட்டது. அந்த ஆள் அட்டையை எடுத்து உயர்த்தியது அதற்குப் பிறகுதான். அம்மா கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள், ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை.

அப்பாவுக்கும் எனக்கும் பிறகு வாய் திறந்துவிட்டது. எல்லாரும் எல்லாம் பேசினோம். ஒன்பதின் அணி தோற்றது. அவன் அழுதபோது அம்மா, "நல்ல பையன், பாவம், சிரிப்பை அடக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள்.

சங்கத்திலிருந்து கிளிப்போர்டு கொண்டுவந்து கொடுத்த உறை அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. சாப்பாடு முடிந்ததும் அம்மா எழுந்து அதைக் கிழித்தாள். என் முன்னால் வந்து நின்று, அட்டையை உயர்த்தினாள்.

"எதுக்கு?" என்றேன். "பேசினது நீ!"

"டைவ் அடிச்சதுக்கு. இத்தனை நாள் பாக்கி."

நியாயம். எழுந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அட்டை திரும்பியிருந்தது. என் பக்கம் வெறும் மஞ்சள். நாக்கு அவள் பக்கம்.

பிழையா, வேண்டுமென்றேவா? கேட்கவில்லை. மூன்று தட்டு, ஒரு சட்டி. அவள் சோப்புப் போட்டாள், நான் அலசினேன்.